வெள்ளைக் கட்டம்

கூடத்திலிருந்து கிர்ரென்று அந்தச் சத்தம் கேட்டபோது சந்திரிகா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிற சத்தம்தான் அது. வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற சத்தம். மகன் விக்கியின் சட்டைகளில் ஒன்றில்கூடப் பொத்தான் கிடையாது. பிறந்ததிலிருந்தே அவனுடைய இரண்டு கட்டைவிரல்களும் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடப்பவை. பொத்தானைப் பிடிக்க வராது, துளைக்குள் நுழைக்கவும் வராது. கடையில் வாங்கும் ஒவ்வொரு சட்டையிலும் பொத்தானைப் பிரித்துவிட்டு, உள்பக்கமாக வெல்க்ரோ வைத்துத் தைத்துக் கொடுப்பது சந்திரிகாவின் வேலை.

இப்போதுதானே குளித்துவிட்டுப் போட்டான், அதற்குள் ஏன் கழற்றுகிறான் என்று கேட்கத் திரும்பியவள் திகைத்தாள். விக்கி அவள் பக்கத்திலேயே, மடக்க வராத கால்களை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தான். உருவிப் போட்ட காம்புகளை நாலு விரலால் அள்ளி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. அம்மா கீரை ஆய்கிற நாளில் இந்த வேலையை யாருக்கும் விட்டுத் தரமாட்டான்.

கூடத்தில் மறுபடியும் கிர்ரென்றது.

அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து பார்த்தாள். அவள் கணவன் தயாளன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டையின் வலது கை தோள்வரை சுருட்டி ஏற்றியிருந்தது. எதிரே ஸ்டூலில் ஒரு பெண், அவன் கையில் நீலப் பட்டையைச் சுற்றி, சரியாக இறுகவில்லை என்று மறுபடி பிரித்துக்கொண்டிருந்தாள். காலடியில் ஐஸ் வைத்த சின்னப் பெட்டி.

பிளஸ்ஸி. ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற பெண். பெரும்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். இரண்டு மாதம் முன்பு விக்கிக்கும், அப்புறம் சந்திரிகாவுக்கும், குரோம்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கிற மகள் சுபத்ராவுக்கும் எடுத்துக்கொண்டு போனவள் அவள்தான். அந்த வேலை முடிந்து ரிப்போர்ட்டும் வந்தாகிவிட்டது. இன்றைக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அப்படித்தான் சந்திரிகா நினைத்திருந்தாள்.

"வாங்க ஆண்டி. அங்கிள் நேத்து எனக்கே போன் பண்ணி வரச் சொன்னாரு. தண்ணிகூடக் குடிக்காம, தாலி கட்டப்போற மாப்ள கணக்கா குந்திகினு கீறாரு. இந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிறெல்லாம் வாணாம்னு சொன்னாக் கேக்க மாட்றாரு."

காலையில் கண் விழித்ததும் காபி இல்லாவிட்டால் வீட்டையே இரண்டாக்குகிற மனிதன், இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னபோதே அவள் யோசித்திருக்க வேண்டும். அவளுக்குத்தான் நாலு நாளாக யோசிக்கிற சக்தியே இல்லையே.

"உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டாள்.

தயாளன் அவளைப் பார்க்காமல், எல்லாரும் குடுத்தாச்சு, நான் மட்டும் குடுக்கல, அதான் என்றான்.

அந்த ஊசி அவன் கையில் ஏறுமுன் தான் பேசியாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. நாலு நாளாகச் சொல்லாமல் தொண்டைக்குள் வைத்திருந்த அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் இருந்தது.

தயாளன் அவளுக்குத் தாய்மாமன். அம்மா முனியம்மாவின் தம்பி. அவளுக்கு நடை பழக்கியவன், பெரியவளானபோது சீர்வரிசையோடு வந்து மாலை போட்டவன். அகரம்தென்னில் இருந்த குடும்ப நிலத்தையெல்லாம் மனைபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. இருக்கிற இரண்டு மனையும் வெளியே போகவேண்டாம், பெண்ணும் வெளியே போகவேண்டாம் என்று முனியம்மா முடிவு பண்ணினாள். சந்திரிகாவுக்குப் பத்தொன்பது வயது. கிழக்குத் தாம்பரத்தில் கல்லூரியில் இரண்டாம் வருஷம். படித்து முடித்து டீச்சராக வேண்டும் என்று ஆசை. மாமா ஒரு வார்த்தை வேண்டாமென்று சொன்னால் போதும், கல்யாணம் நின்றுவிடும். அவன் சொல்லவில்லை. அவனுக்கு அவள்மேல் அத்தனை ஆசை.

முதலில் சுபத்ரா பிறந்தாள். குறை ஒன்றுமில்லை. சந்திரிகாவின் கோபமும் கரைந்து, கல்லூரியை மறந்து, மாமா மாமா என்று அவன் பின்னாலேயே திரிந்த நாட்கள் அவை. ராஜகீழ்ப்பாக்கத்தில் அவன் வைத்திருந்த ஹார்டுவேர் கடைக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போவாள். பைப்பும் குழாயும் தொங்குகிற அந்தக் கடைக்குள், ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு இரண்டு பேரும் ஒரே கேரியரில் சாப்பிடுவார்கள்.

இரண்டு வருஷம் கழித்து விக்கி பிறந்தான். தலை பெரிதாக இருந்தது. மூளையில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். பிறந்து இருபதாம் நாள் அந்தப் பிஞ்சுத் தலையைத் திறந்து, நீர் வடிய உள்ளே ஒரு குழாய் வைத்தார்கள். வார்டில் ஒரு சின்ன வயது டாக்டர் கையில் காகிதத்தோடு வந்து, சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். ஆமாம், தாய்மாமன் என்றாள். அவர் தலையை ஆட்டினார். எழுதிக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தத் தலையாட்டல்தான் அவள் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. தன் பிள்ளைக்கு இந்தக் கதி யாரால் என்று அவள் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள். சண்டை போடவில்லை. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. அவனுக்குச் சோறு போட்டாள், ஜுரம் வந்தால் கஞ்சி வைத்தாள், தூங்காமல் விழித்திருந்தாள். ஒன்றே ஒன்றைத்தான் நிறுத்தினாள். அன்றிலிருந்து அவனை மாமா என்று கூப்பிடவில்லை. 'ஏங்க' என்பாள், 'இந்தாங்க' என்பாள். பேச்சும் நடையும் பழகின நாளிலிருந்து அவள் வாயில் இருந்த வார்த்தை போய்விட்டது. தயாளன் ஏன் என்று கேட்கவில்லை. அவனும் அந்தத் தீர்ப்பை ஒத்துக்கொண்டவன்போலத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டான்.

ஏற்றுக்கொண்டது மட்டுமா? சொந்தத்தில் யார் வீட்டிலாவது மாமனுக்குப் பெண் கொடுக்கப் பேச்சு நடந்தால், அங்கே விக்கியைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பான். வேணாம், எங்க வூட்டப் பாருங்க என்பான். பங்காளி ஏகநாதன் வீட்டுக் கல்யாணம் அப்படித்தான் நின்றது. பதினோரு வருஷமாக ஏகநாதன் அவனோடு பேசுவதில்லை. சந்திரிகாவின் தங்கை லோகநாயகியைப் படப்பையில் வெளி இடத்தில் கட்டிக்கொடுத்தவனும் அவன்தான். சுபத்ராவையும் அன்னியத்தில்தான் கொடுத்தான். வெளியே கொடுத்துவிட்டோம், இனி பயமில்லை என்று குடும்பமே நிம்மதியாக மூச்சு விட்டது.

வீட்டில் அவனுடைய கை சும்மா இருக்காது. விக்கியால் குமிழைத் திருகித் திறக்க முடியாது என்று வீட்டிலிருக்கிற அத்தனை கதவுக்கும் நீளமான பிடி மாட்டினான். மணிக்கட்டால் அழுத்தினால் போதும். குழாய்களும் அப்படியே. டம்ளருக்கு இரண்டு பக்கமும் காது வைத்து ஒட்டினான். வாசல் கதவைத் திறப்பதும் சாத்துவதும் விக்கியின் பொறுப்பு என்று சொல்லி வைத்தான். யார் வந்தாலும் விக்கி இழுத்து இழுத்து நடந்துவந்து கதவைத் திறப்பான். போகும்போது நின்று பார்த்துச் சாத்துவான். வேறு யாராவது சாத்திவிட்டால் அன்றைக்கு முழுதும் முகம் தூக்கிவைத்திருப்பான்.

சந்திரிகாவின் தையலும் இப்படித்தான் வளர்ந்தது. விக்கிக்காகக் கற்றுக்கொண்ட வெல்க்ரோ சட்டை, அவன் படித்த சேலையூர் பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்கும் வேண்டியிருந்தது. மேடவாக்கத்திலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் அம்மாக்கள் சீருடைகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். டீச்சராக முடியாதவள், இப்போது நாலு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாங்களே சட்டை போட்டுக்கொள்ளக் காரணமாக இருந்தாள். வருகிற அம்மாக்களில் யாராவது, உங்களுதும் சொந்தத்துல கல்யாணமாக்கா என்று கேட்டால், கூடத்தில் தயாளன் இருக்கிறான் என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தாமல் ஆமாம் என்பாள்.

சுபத்ராவுக்குப் போன வருஷம் கல்யாணமானது. குழந்தைக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் போன இடத்தில்தான், தம்பியின் ரத்தம் முதலில் வேண்டும் என்றார்கள். மரபணு பார்க்கிற டாக்டர் அபிகாயில், போன வெள்ளிக்கிழமை சந்திரிகாவையும் சுபத்ராவையும் உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். எல்-ஒன்-கேம் என்று ஒரு மரபணு. குழந்தை வயிற்றில் வளரும்போது மூளையில் நரம்பு செல்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, சரியான வழி பார்த்துப் போக வேண்டும். அந்தப் பிடிப்புக்கான புரதத்தை உண்டாக்குவது அதுதான். விக்கிக்கு அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது.

வெல்க்ரோ மாதிரியா டாக்டர் என்று சந்திரிகா கேட்டாள். அபிகாயில் சிரித்து, அதைவிட நல்ல விளக்கம் எனக்கு வராதும்மா என்றார்.

சுபத்ராவுக்கு அந்த மாற்றம் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் பெண் அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அப்புறம் அவள் மருந்துச் சீட்டு வாங்க வெளியே போனபோது, டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். உங்க அம்மாவுக்கு ஆண் குழந்தை ஏதாவது தவறிப்போயிருக்கா?

இருந்தது. சந்திரிகாவுக்கு முன்னால் ஒரு பிள்ளை. மூன்று மாதத்தில் தலை வீங்கி, மாந்தம் வந்து போய்விட்டது என்று அம்மா சொல்வாள். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த குடும்பப் படத்தில் டாக்டர் அதையும் பேனாவால் சேர்த்தார்.

டாக்டர் சொன்னதை சந்திரிகா இந்த நாலு நாளில் நூறு தடவை மனதுக்குள் கேட்டுவிட்டாள். "இது எக்ஸ் குரோமோசோம்ல இருக்கும்மா. பையனுக்கு அது அம்மாகிட்டருந்துதான் வரும். அப்பாகிட்டருந்து வரவே வராது. சொந்தத்துல கல்யாணம் பண்ணா சில வியாதி வரும், நிஜம்தான். ஆனா இது அந்த வகை இல்ல. நீங்க யாரைக் கட்டியிருந்தாலும் இதே நடந்திருக்கும். உங்க தப்பும் இல்ல, யார் தப்பும் இல்ல. ஆனா உங்க தங்கச்சிக்கு ரெண்டு பொண்ணுங்கன்னீங்களே, அவங்ககிட்ட சொல்லிடுங்க."

கீழே வண்டியில் விக்கியோடு காத்திருந்த தயாளனிடம், சுபாவுக்கு ஒன்றுமில்லையாம் என்று மட்டும் சொன்னாள். அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவில்லை. வேறெதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைப் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். தங்கைக்குப் போன் பண்ண மூன்று தடவை எடுத்தாள். தயாளனிடம் சொல்லாமல் தங்கையிடம் எப்படிச் சொல்வது? தயாளனிடம் என்ன முகத்தோடு சொல்வது?

பிளஸ்ஸி ஊசியின் உறையைப் பிரிக்கப் போனாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றாள் சந்திரிகா.

பிளஸ்ஸி நிமிர்ந்து பார்த்தாள். நிலைமை ஏதோ சரியில்லை என்று அவளுக்கே புரிந்து, நான் வெளியே நிக்கட்டா ஆண்டி என்றாள். வேண்டாம், உட்காரு என்று சந்திரிகா சொன்னாள். மூன்றாவது மனுஷி ஒருத்தி இருக்கும்போது சொன்னால்தான், பாதியில் அழுது நிறுத்திவிடாமல் முடிப்போம் என்று அவளுக்குத் தோன்றியது.

தரையில் அவன் காலருகே உட்கார்ந்தாள்.

"உங்க ரத்தத்துல ஒண்ணும் இல்லைங்க. டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாங்க. விக்கிக்கு வந்தது உங்களால இல்ல. என்னால. எங்க அம்மாகிட்டருந்து எனக்கு, என்கிட்டருந்து அவனுக்கு. சொந்தத்துல கட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாம். நான்... இத்தன வருஷமா உங்கள..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மேலே விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று இரைச்சலாகக் கடந்துபோனது.

"தெரியும் சந்திரி," என்றான் தயாளன்.

அவள் நிமிர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆதார் அட்டை தேடப் பீரோவைத் திறந்தானாம். புடவைக்கு அடியில் அந்தக் காகிதம் இருந்ததாம். அவனுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. குடும்பத்துப் பெண்களை வட்டமாகவும் ஆண்களைக் கட்டமாகவும் போட்டு, கோடு இழுத்துச் சேர்த்திருந்த படம். பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டான். பைப் லைன் வரைபடம் பார்த்துப் பழகியவனுக்கு, தண்ணீர் எங்கேயிருந்து எங்கே போகிறது என்று தெரியாதா?

"விக்கி கட்டம் கருப்பா கீது. உன் வட்டத்துல நடுவுல ஒரு புள்ளி. அக்கா வட்டத்துலயும் புள்ளி. அக்கா பக்கத்துல கருப்பா ஒரு சின்னக் கட்டம், குறுக்கால கோடு போட்டு. அது நம்ம பெரியவன்தானே? செத்துப்போனவன்." தயாளனின் குரல் மெல்ல இறங்கியது. "எனுக்கு அப்போ ஏழு வயசு. நான்தான் அவனத் தூக்கிகினு திரிவேன். அவனுக்கும் கட்டைவிரலு இப்டித்தான் உள்ள மடங்கிக் கெடக்கும். நான் பிரிச்சு வுடுவேன், திரும்ப மூடிக்குவான். விக்கி பொறந்தப்போ நர்ஸு துணியப் பிரிச்சாங்கோ பாரு, அப்போவே எனுக்கு அந்தக் கைதான் நெனப்பு வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? உங்க அம்மா புள்ளைக்கும் இப்டித்தான்னா, உன் மேலதானே வந்து வுழும். புள்ளய ஆபரேஷனுக்குக் குடுத்துட்டு நீ சாப்டாம கெடந்த. எனுக்கு ஒண்ணும் தெரியாது, டாக்டரு கேட்டதுல எதுனா இருக்கும்னுதான் நானும் நெனச்சேன். ஆனா அந்தக் கைய மட்டும் யாராண்டயும் சொல்லல."

சந்திரிகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏகநாதன் வீட்டு வாசலில், ஊர் பார்க்க மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதனைப் பார்த்தாள். அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் பழி பாதியாகக் குறைந்திருக்கும். அந்தப் பாதி தன் தலையில் விழக்கூடாது என்றல்லவா முழுதையும் சுமந்தான்.

"அப்புறம் இன்னிக்கு எதுக்கு இது?" என்று அவன் கையில் சுற்றியிருந்த நீலப் பட்டையைத் தொட்டாள்.

தயாளன் சங்கடமாக நெளிந்தான்.

"லோகாவாண்ட சொல்லித்தானே ஆவணும்? அவ பொண்ணுங்க கீதுங்களே. சொன்னா நாலு பேரு பேசுவாங்கோ. நீ பயந்துகினு நாலு நாளா சோறு துண்ணல. ரெண்டு பேரு ரத்தமும் எடுத்தாங்கன்னு வெச்சுக்கோ, யாருதுன்னு யாரும் தனியா கேக்கமாட்டாங்கோ. அந்தப் படத்துல என் கட்டம் மட்டும் வெள்ளையா கீது. அதுலயும் ஒரு புள்ளி வெக்க முடியுமான்னு பாக்கலாம்னுதான் இந்தப் பொண்ண வரச்சொன்னேன்."

பிளஸ்ஸி குனிந்து பெட்டியைத் துழாவுவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டாள். சந்திரிகா அழவில்லை. அழுகை வரும் என்று நாலு நாளாகப் பயந்துகொண்டிருந்தவளுக்கு, அது வந்தபோது வேறுமாதிரி வந்தது. அவன் கையிலிருந்த பட்டையின் நுனியைப் பிடித்து மெதுவாகப் பிரித்தாள். கிர்ரென்றது. இறுகியிருந்த இடத்தில் சிவந்து தடம் போட்டிருந்தது. அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொடுத்தாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு அவனைத் தானாகத் தொடுகிறோம் என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"புள்ளியெல்லாம் வேணாம்," என்றாள். "அது வெள்ளையாவே இருக்கட்டும். லோகாகிட்ட நானே சொல்றேன். நேர்ல போய்ச் சொல்றேன். ஏகநாதன் வீட்டுக்கும் நானே போறேன்."

"அவன் வூட்டுக்கு எதுக்கு?"

"பதினோரு வருஷமா உங்ககூடப் பேசல இல்ல. நீங்க தெரியாமதான் தடுத்தீங்கன்னு யாராவது சொல்லணும்."

தயாளன் சுருட்டியிருந்த சட்டைக்கையை இறக்கிவிட்டு, பொத்தானைப் போட முயன்றான். இடது கை ஒன்றால் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க வரவில்லை. சந்திரிகா போட்டுவிட்டாள்.

அதற்குள் கீரைக் காம்புப் பையோடு விக்கி கூடத்துக்கு வந்துவிட்டான். பிளஸ்ஸியைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம். ஆனால் தான் இல்லாமல் யார் கதவைத் திறந்தது என்று அப்பாவை முறைத்தான். பிளஸ்ஸி எழுந்து ஊசியையும் பட்டையையும் பெட்டிக்குள் வைத்தாள்.

"இன்னா விக்கிண்ணா, டூட்டிய வுட்டுட்டியா? உங்கப்பாதான் தொறந்தாரு. போவும்போது நீயே சாத்திடு."

விக்கி வார்த்தைகளைத் தேடித் தேடி, ஊசி வலிச்சுதா என்று அப்பாவைக் கேட்டான். போடவே இல்லடா என்றான் தயாளன். அப்படியென்றால் பிளஸ்ஸி அடுத்த தடவை எப்போது வருவாள் என்று கேட்டான். ஊசி இல்லாமலே ஒரு நாள் வருகிறேன், எனக்கும் ஒரு வெல்க்ரோ சட்டை தைக்கவேண்டும் என்று அவள் சொன்னாள். சந்திரிகா காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். இன்னும் மூன்று வீடு இருக்கிறது, எல்லாரும் நிஜமாகவே வெறும் வயிறு என்று சிரித்துவிட்டு, அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

விக்கி இழுத்து இழுத்து நடந்து முன்னால் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டான். பிளஸ்ஸி பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, தலைக்கவசம் போட்டுக்கொண்டு, அவனுக்குக் கை காட்டினாள். வண்டி தெருமுனையில் திரும்புகிறவரை அவன் அசையவில்லை.

உள்ளே சந்திரிகா சமையலறைப் பக்கம் நடந்தவள் நின்றாள். திரும்பினாள். நாற்காலியில் இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, சின்னக் குரலில், "காபி போடட்டா மாமா?" என்றாள்.

தயாளன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அம்மா வாயிலிருந்து விக்கி ஒருநாளும் கேட்டிராத வார்த்தை அது. அம்மா யாரையோ கூப்பிடுகிறாள் என்று அவன் தெருவில் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். எந்த மாமாவும் வருவதாகத் தெரியவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் நின்று நன்றாகப் பார்த்துவிட்டு, பிடியை மணிக்கட்டால் அழுத்தி, கதவைப் பதமாகச் சாத்தினான்.